டேக்ஸ் மெசேஜ் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இங்க சிங்கப்பூர்ல ஒரு ட்ரெய்னிங் எடுத்தேன். ஏழை நாடுகள்ல வரி ஆபீஸுக்கு மெசேஜ் எழுதிக் கொடுக்கப் போற எட்டு பேரு, அதுல மூணு பேரு நம்ம தமிழ்ப் பிள்ளைங்க. ஒரு எஸ்எம்எஸ் எழுதுங்கன்னு சொன்னா ஆறு பேரு "14 நாளுக்குள்ள கட்டாவிட்டால் கடும் நடவடிக்கை"ன்னுதான் ஆரம்பிச்சிருந்தாங்க. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, பல வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினதும் அச்சு அசல் அதேதான். எழுத்துப்பிழை, தப்பான தேதி எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அத விட்டுடறேன்.

கையில விவரம் இல்லாம மிரட்டுறது

நம்ம ஊர்ல ஐராஸ், அதான் சிங்கப்பூர் வரி ஆபீஸ், ஒரு மெசேஜ் அனுப்பினா ஏன் மதிக்கிறோம்? நிறைய கம்பெனி சம்பள விவரத்த நேரா அங்கயே அனுப்பிடுது, ஃபார்ம்ல நம்பர் முன்னாடியே நிரம்பி இருக்கு, பலருக்கு ஃபைல் பண்ற வேலையே இல்ல. ஃபைல் பண்ண கடைசி நாளான ஏப்ரல் 18 தாண்டினா அவங்களுக்குத் தெரியும்னு நமக்கும் தெரியும். ஆனா கேஷ்லயே ஓடுற ஒரு சந்தையில யாரு எவ்ளோ வித்தாங்கன்னு ஆபீஸுக்குத் தெரியாது, தெரியாதுங்கறது கடக்காரருக்கும் நல்லாவே தெரியும்.

இது புரியாமதான் கிழக்கு ஆப்பிரிக்காவுல ஒரு ஊர்ல லிஸ்ட்ல இருந்த எல்லாருக்கும் அந்த மிரட்டல அனுப்ப வச்சேன். மறுநாள் காலையில கவுண்டர் முன்னாடி பெரிய வரிசை, வந்தவங்க யாருன்னா ஏற்கனவே கட்டினவங்க, ரசீத கையில புடிச்சிக்கிட்டு, ஒரு காய்கறிக்கார அம்மா கடைய மூடிட்டு வந்து மதியம் வரைக்கும் நின்னாங்க. கட்டாதவங்க வரல. 14 நாள் போச்சு, ஒரு மாசம் போச்சு, யாரும் அவங்க கதவத் தட்டல, தட்ட ஆளும் இல்ல. அடுத்த வருஷம் அதே ஆபீஸ் உண்மையாவே எச்சரிச்சப்ப ஒருத்தரும் கண்டுக்கல. அந்த அம்மாவோட அரை நாள் வியாபாரம் என்னால போச்சுங்கறது இன்னிக்கும் உறுத்துது.

மிரட்டலே வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபா வியாபாரிங்களுக்கு லெட்டர் அனுப்பிப் பாத்தப்ப மிரட்டலும் பலன் கொடுத்துச்சு, நல்லவிதமா சொன்னதும் கொடுத்துச்சு. ருவாண்டாவுல நாடு முழுக்க சோதிச்சப்ப, சும்மா ஞாபகப்படுத்துறதும் வரிப்பணம் எங்க போகுதுன்னு சொல்றதும் மிரட்டல விட நல்லா எடுபட்டுச்சு, எஸ்எம்எஸ்ஸும் ஈமெயிலும் நல்லாவே வேலை செஞ்சுது. அமெரிக்காவுல மினசோட்டாவுல 1995-ல "உங்க கணக்க உன்னிப்பா பாப்போம்"னு எழுதினதுக்கு, பெரிய வருமானக்காரங்க காட்டின வரி கூடல, குறைஞ்சுச்சு. அதனால ஒரே மெசேஜ எல்லார் தலையிலயும் கட்டாதீங்க, முதல்ல ஒரு சின்னக் கூட்டத்துக்கு அனுப்பிப் பாருங்க, கட்டினவங்க பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு.

"நிறைய பேரு கட்டல"ன்னு எழுதுறது

வேண்டாம். கட்டாததுதான் ஊர் வழக்கம்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்.

யாரு அனுப்பினதுன்னு தெரியாம அனுப்புறது

இங்கயே ஸ்கேம் மெசேஜ்ல எத்தன பேரு பணத்த விட்டாங்க. அதனாலதான் 2023 ஜனவரியிலேர்ந்து அனுப்புறவங்க பேரப் பதியணும்னு ஆச்சு, 2024 ஜூலையிலேர்ந்து அரசாங்க எஸ்எம்எஸ் ஒரே பேர்ல வருது. அந்த ஏற்பாடு இல்லாத ஊர்ல லிங்க் போடாதீங்க, மக்களுக்குத் தெரிஞ்ச ஆபீஸ் பேரும் இடமும் போடுங்க.

அடுத்து என்ன செய்யணும்னு சொல்லாம விடறது

எவ்ளோ, எப்ப, எங்க. மொபைல் மணியில, அதாவது போன் வழியா பணமா கட்டலாம்னா எப்படின்னும் சொல்லுங்க.

கண்ணுக்குத் தெரியாத ரோட்டப் பத்திப் பேசறது

"உங்க வரியில நாடு முன்னேறுது"ன்னு எழுதினா, வாசல்ல குழியப் பாக்கறவருக்கு எரிச்சல்தான் வரும். அவரு தினம் பாக்குற ஒண்ணச் சொல்லணும், அதுவும் உண்மையா இருக்கணும். வகுப்புல ஒரு பொண்ணு சாயங்காலம் திருத்திக் கொடுத்தது இது: "வணக்கம். இந்த வருஷ சந்தை வரிக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சந்தை வாசல் ஆபீஸ்லயோ மொபைல் மணியிலயோ கட்டலாம். சந்தைக் குழாய் ரிப்பேர் இந்தப் பணத்துலதான் நடந்துச்சு. ஏற்கனவே கட்டியிருந்தா நன்றி, நீங்க வர வேண்டாம்."