கணினியியலில் ஆய்வுப் பட்டமும் உதவித்தொகையும்: விண்ணப்பிக்கும் முன்

கணினியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்பவர், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முதலில் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைத் தேட வேண்டும். கணினியியல் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி (DBLP) இணையத் தரவுத்தளத்தில் அவருடைய அண்மைக் கட்டுரைகளைக் கண்டறிந்து, இரண்டையாவது முழுமையாகப் படித்து, ஒன்றின் சோதனையை நீங்களே மீண்டும் செய்து பாருங்கள். உங்கள் முடிவு எங்கே மாறுபட்டது என்பதைச் சுட்டி, அதிலிருந்து எழும் ஒரு கேள்வியை முன்வைக்கும் 10 வரி மின்னஞ்சல், பலருக்கும் ஒரே நகலாக அனுப்பப்படும் கடிதத்தைவிடப் பெரிதும் மதிக்கப்படும்.

உதவித்தொகை கட்டண விலக்கு மட்டுமா, மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கும் தொகை உண்டா, எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், கற்பித்தல் பணி கட்டாயமா என்பவற்றை எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். பல இடங்களில் உதவித்தொகைக்கான கடைசி நாள் சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடும். பலர் தவறவிடுவது இதைத்தான். பரிந்துரைக் கடிதம் எழுதுவோருக்கு 6 வாரமாவது அவகாசம் கொடுங்கள்.