ஹில்டன் பாயின்ட்டை எப்போது காசு கொடுத்து வாங்கலாம்?

ஹில்டன் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டம்தான் ஹில்டன் ஹானர்ஸ், அதன் பாயின்ட்டைப் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து அறை எடுக்கலாம். இந்தப் பாயின்ட்டின் வழக்கமான விலை 1,000-க்கு 10 டாலர். அந்த விலைக்குத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவ்வப்போது 100% போனஸ் சலுகை வரும், அப்போது அதே 10 டாலருக்கு 2,000 கிடைக்கும், அதாவது ஒரு பாயின்ட் அரை சென்ட். அதுவரை பொறுத்திருங்கள்.

சலுகை வந்ததும் உடனே கார்டை எடுக்க வேண்டாம். முதலில் நீங்கள் போகும் தேதிக்கு அறையைத் தேடி, வரி, ரிசார்ட் கட்டணம் (சில ஹோட்டல்கள் அறை வாடகைக்கு மேல் தனியாகப் போடும் தொகை) எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதே அறைக்கு எத்தனை பாயின்ட் கேட்கிறார்கள் என்று பாருங்கள். 60,000 என்றால் உங்கள் செலவு 300 டாலர். ரொக்க விலை 400 என்றால் வாங்கலாம், 310 என்றால் விட்டுவிடுங்கள், நம்மூர் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக் கட்டணமே 3.5% வரை போய்விடும். முழுக்கப் பாயின்ட்டில் தங்கினால் ரிசார்ட் கட்டணம் கிடையாது. ஹானர்ஸ் திட்டத்தில் சில்வர் நிலையோ அதற்கு மேலோ உள்ள உறுப்பினர் என்றால் ஸ்டாண்டர்டு அறையில் ஐந்தாவது இரவும் இலவசம், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான்: நான்கு இரவுக்கான 2,40,000 பாயின்ட்டில் ஐந்து இரவு, ஓர் இரவுக்கு 240 டாலர்தான் ஆகிறது.

வாங்கிய பாயின்ட்டுக்குப் பணம் திரும்ப வராது, 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் மொத்தமும் காலாவதி. அதனால் அறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பாயின்ட் வந்த கையோடு பதிவு செய்துவிடுங்கள்.