மலையில் விடுமுறை வீடு வாங்குவது எப்படி? முதலில் பாதையைப் பாருங்கள்

மலையில் சின்னதாக மரத்தால் கட்டிய ஒரு வீடு வாங்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக இருந்தது. போன வருடம்தான் கைகூடியது. வாங்கும்போது பட்ட பாட்டையும் கற்றதையும் வரிசையாக எழுதுகிறேன். வங்கிக் கடன், பத்திரப் பதிவு எல்லாம் மற்ற வீடுகளுக்கு இருப்பது போலத்தான், அவற்றை விட்டுவிடுகிறேன். மலை என்பதால் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை மட்டும் இங்கே.

படி 1: மோசமான பருவத்தில் ஒருமுறை போங்கள்

சீசனில் எந்த மலைவீடும் அழகாகத்தான் இருக்கும். அடைமழையிலோ கொட்டும் பனியிலோ ஒரு தடவை போய், முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 25 டிகிரி என்றால் இரண்டாயிரம் மீட்டர் மேலே 12 தான். வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பூமியின் வட பாதியில் தெற்கு பார்த்த சரிவுக்கு வெயில் நிறைய கிடைக்கும். வடக்குச் சரிவில் ஈரமும் பனியும் நாள்கணக்கில் தங்கும். தென் பாதியில் இது அப்படியே தலைகீழ்.

படி 2: பாதை யாருடையது?

நான் சறுக்கியது இங்கேதான். விற்பவர் எங்களைக் காரிலேயே வாசல் வரை கூட்டிப்போனார். நல்ல மண்பாதை, திறந்திருந்த கேட். வண்டி போகிறது, அப்புறம் என்ன கவலை என்று முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் நில அளவை வரைபடத்தைக் காரின் பானட் மேல் விரித்து, பொதுச் சாலையை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தேன். ஓடைக்குக் கீழே கோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு 300 மீட்டர். நடுவில் முழுக்க இன்னொருவரின் பழத்தோட்டம். பத்திரத்தில் நான்கு எல்லையும் தெளிவாக இருந்தன, பாதையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

தோட்டத்துக்காரர் வயதான அம்மா. நேரில் போய்க் கேட்டேன். "நீங்க போறதுக்கு நான் தடை சொல்லப்போறதில்ல தம்பி. ஆனா எனக்கப்புறம் என் பசங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். விஷயமே அதுதான். வாய்வார்த்தையாகத் தந்த அனுமதி பெரும்பாலும் அந்த மனிதரோடு முடிந்துவிடும். பதிவு செய்த பாதை பாத்தியம், அதாவது இன்னொருவர் நிலத்தின் வழியாகப் போய்வரும் உரிமைதான், நிலம் கைமாறினாலும் நிலத்தோடு கூடவே போகும். வழக்கறிஞரை வைத்து எழுதி, பதிவு செய்து முடிக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் எனக்குச் சரியான தூக்கமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அளவை வரைபடத்தின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து பொதுச் சாலை வரை நடந்தே இறங்குங்கள். ஒவ்வொரு இடமும் யாருடைய நிலம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஃபோன் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள்; வெட்டவெளியிலேயே சுமார் ஐந்து மீட்டர் முன்பின்னாகக் காட்டும், மரங்களுக்கு அடியிலும் பாறைச் சுவர் ஓரத்திலும் இன்னும் விலகும். எல்லையில் சந்தேகம் இருந்தால் சர்வேயரைக் கூப்பிடுங்கள். நான் செலவு செய்ததிலேயே மிகவும் உருப்படியான செலவு அதுதான்.

பாத்தியத்தில் இவை இருக்க வேண்டும்: பாதையின் அகலம், வண்டி போகும் உரிமை, குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் அதே வழியாக வரும் உரிமை, பழுதுபார்க்கும் செலவு யாருடையது, இரு தரப்பு வாரிசுகளையும் பின்னால் வாங்குவோரையும் கட்டுப்படுத்தும் என்ற வாசகம். அகலத்தை முடிவு செய்யுமுன் அங்குள்ள தீயணைப்பு நிலையத்தில் அவர்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள்.

படி 3: தண்ணீரும் கழிவும்

கிணறோ ஊற்றோ, தண்ணீர் வரத்தை அளக்கப் பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். கோடைக் கடைசியில் போய், வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஒரு வாளியோடு நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா), நைட்ரேட் (உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் உப்பு) இரண்டுக்கும் ஆய்வகப் பரிசோதனை அவசியம். செப்டிக் டேங்க் கிணற்றுக்கோ ஊற்றுக்கோ மேல்பக்கச் சரிவில் இருந்தால் எனக்கு அந்த வீடு வேண்டாம். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

படி 4: மண், மரம், கூரை

வீட்டைச் சுற்றியுள்ள மரங்களின் அடிப்பாகம் வில்லாக வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், மண் மெல்ல நகர்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும்.

மரச்சுவருக்கு ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி குத்தி அளக்கும் வகைதான் என் தேர்வு. பலர் வெப்பக் கேமராவைச் சொல்கிறார்கள்; அது காட்டுவது வெப்ப வேறுபாட்டை மட்டுமே, ஈரம் இருக்கிறது என்று நாமாக ஊகிக்க வேண்டும். ஈரமானி காட்டும் அளவு 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போக வழி உண்டு. நான் பார்த்த வேறொரு வீட்டில், தாழ்வாரத்தைச் சுவரோடு பிணைக்கும் பலகையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டிக்குள் போவது போலக் கைப்பிடி வரை போனது. மேலே புதுப் பெயிண்ட் பளபளத்தது.

பனி கொட்டும் இடமானால் கூரையின் தாங்குதிறனைக் கேளுங்கள். இறுகிய ஈரப்பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ வரைகூட இருக்கும். அரை மீட்டர் உயரம் தேங்கினால் 60 சதுர மீட்டர் கூரையில் ஒன்பது டன்!

படி 5: காப்பீடு, சங்கம்

மீதிப் பணம் கொடுக்கும் முன்பே காப்பீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதி என்றால் சில நிறுவனங்கள் எடுக்கவே மாட்டார்கள். வீடு 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பணம் இல்லை என்ற விதியும் பல பாலிசிகளில் உண்டு. விடுமுறை வீடு வருடத்தில் பாதிநாள் பூட்டித்தானே கிடக்கும்? குடியிருப்புச் சங்கம் இருந்தால் மூன்று வருடக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். வாடகைக்கு விடலாமா கூடாதா என்பதும் அதில்தான் தெரியும்.

பின்சேர்க்கை 1: வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபோது குழாய் வெடித்துவிட்டது என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும், அதனால்தான். கிளம்பும் முன் ஹீட்டரை அணையுங்கள், முதன்மை வால்வை மூடுங்கள், பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்து, தாழ்வான குழாய் வழியாக முழுவதையும் வடித்துவிடுங்கள். பாத்திரம், கை கழுவும் தொட்டிகளுக்கு அடியிலுள்ள வளைகுழாயில் குழாய்களுக்கென்றே விற்கும் உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றுவது நஞ்சு, அது வேண்டாம்.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்குப் பாத்தியம் பதிவாகியே இருந்ததாம். ஆனால் அதில் "நடைவழி" என்றுதான் எழுதியிருந்தது. கூரை மாற்றத் தகடு ஏற்றிவந்த லாரியைப் பக்கத்து நிலத்துக்காரர் நிறுத்திவிட்டார். எனவே பத்திரத்தை எடுத்து அந்தச் சொல்லை இன்றே பாருங்கள். நடைவழி என்று இருந்தால், வண்டிப்பாதை என்று திருத்திப் பதிவு செய்யும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.