கல்லறையில் முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 நெருங்கினால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் ஆசிட் பாட்டிலும் பெயிண்ட் டப்பாவுமாகக் குடும்பங்கள் வந்து இறங்கும். கூடவே, "தாத்தாவுக்குத் தாத்தா யாரு?" என்று கேட்டுத் தேட ஆரம்பிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வருடம் தவறாமல் அதே தவறுகள்தான் நடக்கின்றன.

படிக்கும் முன்பே புதுப்பிப்பது

மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதை முடியாது. பழைய கல்லறைகள் பல சுண்ணாம்புக் காரை பூசியவை. சிலவற்றில் பெயர்ப்பலகை மார்பிள். ஆசிட் பட்டால் இரண்டுமே நுரைத்துக் கரையும். அழுக்கு போனது போலத் தெரியும். கூடவே எழுத்தின் விளிம்பும் போயிருக்கும். இரும்பு பிரஷ் கருங்கல்லுக்குக்கூட ஆகாது, உதிர்கிற கம்பித் துணுக்கு துருவேறிக் கறையாகிவிடும். காரை மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, நாளடைவில் காரையும் சேர்ந்து பெயர்ந்துவிடும்.

பெயிண்ட் இன்னும் மோசம். கல்லில் ஆண்டு ௧௮௭௬ என்று தமிழ் எண்ணில் இருந்தால், பெயிண்டர் கண்ணுக்கு அது 'கஅஎசு'. அவர் ஏதோ ஊகித்து 1896 என்று எழுதிவிடுவார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களுக்கும் இதே கதிதான். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கல்லில் பளிச்சென்று தெரிவதுதான் உண்மை. மகன் பிறந்த வருடத்தோடு கணக்கு ஒத்துவராதபோது, இல்லாத ஒரு மூதாதையை நடுவில் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள்.

கிரானைட் பதிக்கிற வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். புதுக் கல்லில் பெயரும் இறந்த தேதியும் மட்டும் ஏறும். பழையதில் இருந்த மனைவி பெயர், பிறந்த ஊர், கல் வைத்த மகனின் பெயர் எல்லாம் உடைந்த பலகையோடு குப்பைக்குப் போகும். அந்த ஊர்ப்பெயர் ஒன்று போதும், அடுத்த தலைமுறையைப் பிடிக்க.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெறும் தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும்; மேலிருந்து தேய்த்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். அதிகாலைச் சாய்வெயிலிலோ, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோ படமெடுங்கள். மதியத்தில் எழுத்து தெரியாது. முழுக் கல்லறை, பலகை, ஒவ்வொரு வரி, இருபுறத்துக் கல்லறைகள் என்று தனித்தனியாக எடுங்கள். இருப்பதை இருக்கிறபடி நோட்டில் எழுதி, புரியாத எழுத்துக்கு இடம் விடுங்கள். கிரானைட் போட்டே ஆகவேண்டுமென்றால் பழைய பலகையைக் கால்மாட்டில் பதித்துவிடுங்கள்.

எல்லாம் கிறிஸ்து ஆண்டு என்று நினைப்பது

குமரியிலும் நெல்லையிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) புழக்கத்தில் இருந்தது. ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். 1050 கார்த்திகை என்றால் 1874; 1050 சித்திரை என்றால் 1875. அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் பெயர் மட்டும், வெறும் 'விக்ருதி வருஷம்' என்றிருந்தால் 1890-91 ஆகவும் இருக்கலாம், 1950-51 ஆகவும் இருக்கலாம்.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள்

இல்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊர் இது. இனிஷியலைப் பாருங்கள்.

பெரியவர்களிடம் தேதி கேட்பது

"ஆச்சி, தாத்தா எந்த வருசம் இறந்தாவ?" என்றால் "யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். "தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், 1964-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். தாது வருஷப் பஞ்சம் (1876-78) பற்றிய பேச்சு இன்னும் சில வீடுகளில் உண்டு. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களைத் தவறாமல் கேளுங்கள். மாமியார் வாயிலாகக் கேட்டு வைத்த உறவுமுறை, பிறந்த பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

திருச்சபைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று திரும்பிவிடுவது

தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947-ல். அதற்கு முன் நெல்லையில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்றும், நாகர்கோவிலில் எல்.எம்.எஸ். என்றும் மிஷன்கள் தனித்தனி. கொள்ளுத்தாத்தா எந்த மிஷன் சபை என்று தெரிந்த பிறகு தேடுங்கள். கத்தோலிக்கர் பழைய பதிவேடு லத்தீனில் இருக்கும். இராயப்பனைப் பேத்ருஸ் என்றும், சின்னப்பனைப் பவுலுஸ் என்றும், அருளப்பனை யோவான்னெஸ் என்றும் பாருங்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிற ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தம்தான்.

நவம்பர் 2 அன்றே பதிவேடு கேட்பது

வேண்டாம். கத்தோலிக்கச் சாமியாருக்கோ சபைப் போதகரான ஐயருக்கோ அன்றைக்கு நேரமிருக்காது. அடுத்த வாரம் போங்கள்.