தலைமை நிதி அதிகாரியை நேர்காணல் செய்வது எப்படி?

வங்கி மேலாளர்களிடமும் இயக்குநர் குழுவிடமும் பேசியே இருபது ஆண்டுகள் பழகியவரிடம் "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று கேட்டால், அவர்தான் உங்களை நேர்காணல் செய்துவிட்டுப் போவார். திருப்பூரில் குடும்பமாக நடத்தும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் முதன்முறையாக நிதித் தலைவரைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: முதலாண்டு வேலையை எழுதுங்கள்

"பட்டயக் கணக்காளர், 15 ஆண்டு அனுபவம்" என்பது விளம்பரத்துக்குப் போதும். நேர்காணலுக்கு, அவர் முடித்துத் தர வேண்டிய காரியங்கள் தெரிந்திருக்க வேண்டும்: பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கி முன்கூட்டித் தரும் கடன்) வட்டியைக் குறைப்பது, டாலர் ஏற்ற இறக்கத்துக்கு ஃபார்வர்டு ஒப்பந்தம் (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைப்பது) போட ஒரு முறை வகுப்பது, மாதக் கணக்கை 10ஆம் தேதிக்குள் முடிப்பது. இதில் அப்பாவுக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு இருந்தால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எல்லோருக்கும் ஒரே கேள்விகள்

பணியாளர் தேர்வு பற்றிய ஆய்வுகளை மறுபடி அலசி உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், கேள்விகளை முன்கூட்டியே வகுத்து நடத்தும் நேர்காணல்தான் வேலைத்திறனைக் கணிப்பதில் முதலிடம் பெற்றது.

மூன்றாம் படி: தோண்டுங்கள்

நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். "வங்கி உங்கள் கடன் வரம்பைக் குறைத்த சமயம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று தொடங்கலாம். பதில் அழகாக வரும், அங்கே நிற்காதீர்கள். அப்போது கையில் எத்தனை வாரச் செலவுக்குப் பணம் இருந்தது? யாருக்குத் தருவதை முதலில் நிறுத்தினீர்கள், நூல் மில்லுக்கா, சாயப்பட்டறைக்கா? யார் சண்டைக்கு வந்தார்கள்? முன்னின்று செய்தவருக்கு இந்த விவரங்கள் தயக்கமின்றி வரும். பக்கத்தில் இருந்து பார்த்தவர் மறுபடியும் பொதுப்பேச்சுக்குத் திரும்பிவிடுவார்.

எனக்குப் பிடித்த கேள்வி இன்னொன்று: "முதலாளியே நேராகக் காசாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்?" முகம் சுளிப்பவரும் வேண்டாம், "அதனாலென்ன சார்" என்பவரும் வேண்டாம்.

பிறகு

நேர்காணல் செய்தவர்கள் தனித்தனியாக மதிப்பெண் எழுதிய பின்பே பேச வேண்டும், முதலாளி கடைசியாக. அவர் முதலில் "நல்ல ஆள்தான்" என்றுவிட்டால், மற்றவர்கள் எழுதியதை அழித்துத் திருத்துவார்கள்.

முன்பு வேலை பார்த்த இடங்களில் விசாரியுங்கள். இப்போதைய அலுவலகத்தை மட்டும் அவர் அனுமதியின்றித் தொடாதீர்கள். இத்தகைய பதவிகளில் மூன்று மாத நோட்டீஸ் சாதாரணம். மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு ஆள் வேண்டுமென்றால், நவம்பருக்குள் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும்.