“கடனைப் பாதியாக்கித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அத்தான் ஒரு ரசீதை நீட்டி, “தம்பி, இதக் கொஞ்சம் பாரேன்” என்றார். 2,800 சிங்கப்பூர் வெள்ளி. ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று ஒரே ஒரு வரி. எந்த வங்கியோடு பேசப்போகிறார்கள், எத்தனை நாளில் முடிப்பார்கள், முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா, எதுவுமே எழுதவில்லை, கீழே அத்தானுடைய கையெழுத்து மட்டும் இருந்தது. மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன், எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குப் பக்கம். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். “இனிமேல் வங்கிக்குக் கட்டாதீங்க, போன் வந்தா எடுக்காதீங்க, நாங்க பேசிக்கிறோம்” என்றார்களாம். அதை நம்பி இரண்டு மாதம் கட்டாமல் இருந்ததில் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, கடைசியில் வக்கீல் கடிதம் வந்துவிட்டது. இதில் என் வயிறு எரிந்தது எதற்கு என்றால், அந்த 2,800 வெள்ளியும் அவரிடம் இருந்த பணம் இல்லை. அவர்களே ஒரு வட்டிக் கடைக்கு அனுப்பி, கடனாக வாங்க வைத்த பணம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கடன் இருப்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்து நம் ஆட்கள் யாரிடமும் கேட்பதில்லை, அந்த வெட்கத்தை வைத்துத்தான் இந்த மாதிரி கம்பெனிகள் பிழைக்கின்றன.

சரி, முதல் வேலை. எங்கும் போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கணக்கெழுதுங்கள். அத்தான் பிரிக்காத கடிதங்களை எல்லாம் ஒரு ஃபேர்பிரைஸ் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். அக்கா அதை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கணக்கு சரியாகத் தெரியவில்லை என்றால், வங்கிக் கடன்களுக்குக் கிரெடிட் பீரோ சிங்கப்பூர் அறிக்கையும், கடன் கொடுப்போரிடம் வாங்கியதற்கு மனிலெண்டர்ஸ் கிரெடிட் பீரோ அறிக்கையும் வாங்கிக்கொள்ளலாம். எழுதும்போதே கடனை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: வங்கியில் வாங்கியது, உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் வாங்கியது, ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் வாங்கியது. மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு வேறு.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் இருக்கிறது, சுருக்கமாக சிசிஎஸ். பதிவு பெற்ற அறநிறுவனம். தொலைபேசி எண் 6225 5227. அவர்கள் கடன் கொடுப்பதும் இல்லை, கடனைத் தள்ளுபடி செய்து தருகிறோம் என்று சொல்வதும் இல்லை. உங்கள் வருமானம், வீட்டுச் செலவு, கடன் மூன்றையும் வைத்துக்கொண்டு ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேசுவார், மாதம் உண்மையிலேயே எவ்வளவு கட்ட முடியும் என்று பார்ப்பார். சரிப்பட்டு வந்தால், வங்கிகள் சம்மதித்தால், குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றும் திட்டம் ஒன்று போடுவார்கள். கார்டுகளை விட்டுவிட வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கடன் ஆலோசனை என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஆண்டு வருமானம் 20,000 முதல் 120,000 வெள்ளிக்குள் இருந்து, அடமானம் இல்லாத கடன் மாதச் சம்பளத்தைப் போல 12 மடங்குக்கு மேல் போயிருந்தால், வங்கியிடமே நேரடியாகக் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் கேட்கலாம். 2017இல் வந்தது. எல்லாக் கடனும் ஒரே வங்கிக்குப் போய் ஒரே தவணை ஆகிவிடும். நடுவில் ஏஜெண்ட் யாரும் தேவையில்லை, நீங்களே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், உரிமம் பெற்ற கடன் கொடுப்போர். சட்டம் இவர்களை எவ்வளவு கட்டிப்போட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. தாமத வட்டியும் அதே 4 விழுக்காடுதான், அதுவும் தவறிய தொகைக்கு மட்டும்தான். தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளி, நிர்வாகக் கட்டணம் அசலில் 10 விழுக்காடு, இவற்றைத் தாண்டக்கூடாது. எல்லாவற்றையும் கூட்டினாலும் அசலைத் தாண்டக்கூடாது. அதாவது 3,000 வெள்ளி வாங்கினால், எத்தனை வருடம் இழுத்தாலும் வட்டியும் கட்டணமுமாக 3,000க்கு மேல் கேட்க முடியாது. ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், அதன் நகலையும் தர வேண்டும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கேட்பது, அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ பிடித்து வைத்துக்கொள்வது எல்லாம் கூடாது. எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் விளம்பரமும் கூடாது, ஆகவே போனில் ‘லோன் வேண்டுமா’ என்று தேடி வருகிறவர் யாராக இருந்தாலும் அப்போதே சட்டத்தை மீறியவர்தான். சட்ட அமைச்சின் கடன் கொடுப்போர் பதிவகம் இணையத்தில் பட்டியல் வைத்திருக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல் முகவரி, தொலைபேசி எண் வரை ஒத்துப் பாருங்கள், நல்ல கடையின் பெயரைத் திருடி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்ட முடியாத நிலை என்றால் ஒன் ஹோப் சென்டர், சில்வர் லைனிங், அரைஸ் டு கேர் போன்ற சமூக அமைப்புகள் உங்களுக்காகப் பேசும். இன்னொரு கடையில் வாங்கி இந்தக் கடையை அடைக்காதீர்கள். கை அரிக்கிறது, இனிமேல் வாங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தால், நீங்களே உங்கள் பேரைத் தடைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

ஆலோங் என்றால் பேச்சே வேண்டாம், போலீஸ். தகவல் சொல்ல 1800 924 5664, கதவில் சாயம், மிரட்டல் என்றால் 999. கடனுக்குப் பதிலாக ஏடிஎம் கார்டைக் கொடு, வங்கிக் கணக்கைக் கொடு என்பார்கள். உயிரே போனாலும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அவர்களுக்கு உதவிய குற்றம் உங்கள் மேல் வரும், சிறை வரை போகும்.

இனி, அந்த மாதிரி கம்பெனிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன பார்ப்பது? அத்தானிடம் கேட்டேன், உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்டார்களா, கார்டு பில்லைப் பார்த்தார்களா என்று. இல்லையாம். ஒரு காகிதத்தையும் பார்க்காமல் “பாதியாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மருந்து எழுதுகிற ஆள் மாதிரி. முன்பணம் கேட்பது, இன்றைக்கே கையெழுத்துப் போடச் சொல்வது, வெற்றுப் படிவத்தை நீட்டுவது, வங்கியோடு பேசாதே என்பது, புதிதாக ஒரு கடன் வாங்க வைப்பது, வீட்டை விற்றுவிடலாம் என்று ஆரம்பிப்பது, இதில் ஒன்று நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் பதிவு செய்த நிறுவனம் என்று எண்ணைக் காட்டுவார்கள். அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த எண், நல்ல நிறுவனம் என்பதற்கு இல்லை. அறநிறுவனம் என்று சொன்னால் அறநிறுவனங்களுக்கான அரசாங்க இணையத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நொடிப்பு, அதாவது திவால் என்ற வார்த்தையைச் சொல்லி நிறையப் பேரைப் பயமுறுத்துகிறார்கள். கடன் 15,000 வெள்ளியை எட்டினாலே அதற்கு விண்ணப்பம் போட முடியும் என்பது உண்மைதான். ஆனால் கடன் 150,000 வெள்ளிக்குள் இருந்து நிலையான வருமானமும் இருந்தால், நொடித்தவராக ஆகாமலே அதிகபட்சம் ஐந்து ஆண்டில் கட்டி முடிக்கும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் சட்டத்திலேயே இருக்கிறது.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் கீழ் உள்ள வெளிநாட்டவருக்கு, உரிமம் பெற்ற கடைகள் அத்தனையும் சேர்ந்தே 500 வெள்ளிதான் கொடுக்கலாம். மாதம் 700, 800 சம்பளக்காரருக்கு 2,000 தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் யார் என்று வேறு விசாரிக்கவே வேண்டாம். சம்பளம் வராததால்தான் கடன் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692இல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

சாப்பாட்டுக்கே சிரமம் என்ற நிலையில் இருப்பவர்கள் கடன் பேச்சுக்கு முன்னால் அரசாங்கத்தின் கம்கேர் உதவியைக் கேளுங்கள், 1800 222 0000. தமிழில் மனம்விட்டுப் பேச இந்தியர்களுக்கான உதவி அமைப்பான சிண்டா இருக்கிறது, பீட்டி ரோட்டில்.

அத்தான் சிசிஎஸ்ஸுக்குப் போனபோது அக்காவும் கூடப் போனார், நாட்காட்டித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு. ஆலோசகர் முதலில் கேட்டதே அந்தக் கணக்கைத்தானாம். கட்டிய 2,800 வெள்ளி இன்னும் திரும்பி வரவில்லை. தவணை மட்டும் மாதாமாதம் போகிறது, வங்கி கூப்பிட்டால் அத்தான் போனை எடுக்கிறார்.