மலை ஓடையின் நீரைச் சோதிப்பது எப்படி: ஊருக்கு மேலே ஒரு குப்பி, ஊருக்குக் கீழே ஒரு குப்பி

நீலகிரியில் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, நீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும் பேனா வடிவிலான டிடிஎஸ் மீட்டரைத்தான். அதை ஊர் ஓடையில் அமிழ்த்தினால் 150 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிநீரில் கரைந்துள்ள உப்புகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று வரையறுத்திருப்பதால், நீர் நன்றாகவே இருக்கிறது என்று மனம் ஆறுதலடைந்துவிடும். மலையில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. நீலகிரியின் அடிப்பாறையான சார்னோகைட் எளிதில் கரையாதது, மழையும் மிகுதி. ஆகவே மலைக்காடான சோலைக்குள்ளிருந்து வரும் ஓடையில் உப்புகள் இயல்பாகவே மிகக் குறைவு. அதே மீட்டர் சோலை ஓரத்தில் 30 என்றும் ஹட்டி எனப்படும் படகர் ஊருக்குக் கீழே 150 என்றும் காட்டினால், இடையில் கூடிய 120இன் பெரும்பகுதி வீடுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்ததாகவே இருக்கும். எனவே வரம்பு அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பு, அதே ஓடையை ஊருக்கு மேலேயும் ஊருக்குக் கீழேயும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கீழே சொல்லப்படும் முறை முழுவதும் இந்த ஒப்பீட்டையே அடிப்படையாகக் கொண்டது.

மேல் இடத்தை, வீடோ தோட்டமோ தொடங்குவதற்கு முன்பாக, சோலையை விட்டு ஓடை வெளியேறும் இடத்தில் தேர்ந்தெடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைய வேண்டாம். எல்லையில் எடுத்த நீரே போதுமானது. கீழ் இடத்தைக் கழிவுநீர்க் கால்வாய் ஓடையில் விழும் வாயிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. கலங்கிய நீர் ஒரு கரையை மட்டும் ஒட்டிச் சிறிது தூரம் ஓடும் என்பதால், இரு நீரும் முழுமையாகக் கலந்த பிறகு, ஒரு சிறு அருவிக்கோ பாலத்துக்கோ கீழே எடுப்பது நல்லது. ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, அடிமண்ணைக் கலக்காமல், குப்பியின் வாயைப் பரப்புக்குக் கீழே அமிழ்த்தி நிரப்புங்கள். கையுறை கட்டாயம் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் காட்டெருமைகள் ஓடைக்கு வரும் ஆதலால் தனியே செல்லக் கூடாது.

எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது எங்கே எடுக்கிறோம் என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. ஏப்ரல், மே மாதச் சீசனில் விடுதிகள் நிறைந்து கழிவுநீர் பெருகும்போது ஓடையில் நீர் குறைந்தும் சூடு கூடியும் இருக்கும்; ஆகவே வீட்டுக் கழிவின் தாக்கத்தை அறிய அதுவே உரிய காலம். தோட்டங்களிலிருந்து வரும் உரத்தையும் மண்ணையும் அறிய வேண்டுமானால், மேற்குப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையின் முதல் பெருமழையையும், குன்னூர், கோத்தகிரிப் பகுதியில் வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையையும் தவறவிடக் கூடாது. உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் சரிவான நிலத்தில் பயிராவதால், அடித்துச் செல்லப்படும் மண் துகள்களில் ஒட்டிக்கொண்டே உரத்தின் பாஸ்பரஸ் ஓடைக்கு இறங்குகிறது. கேத்தி பாலாடா போன்ற பள்ளத்தாக்குகளில் கேரட் கழுவிய சேற்று நீரும் இதே வேலையைச் செய்கிறது. அந்தச் சேறு கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்து, அங்கே வாழும் சிற்றுயிர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

களத்திலேயே அளக்க வேண்டியவை நான்கு: வெப்பநிலை, மின்கடத்துத்திறன், அமில காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச், கரைந்த ஆக்சிஜன். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்துத்திறனையே என்பதால் இரண்டில் எது இருந்தாலும் போதும், ஆனால் இரு இடங்களிலும் ஒரே கருவியைப் பயன்படுத்த வேண்டும். பிஎச் அளப்பதில் மலை நீர் சற்றே பொறுமையைக் கோரும். உப்பு குறைந்த நீரில் பிஎச் மீட்டரின் எண் நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகலாம், தாள் பட்டைகளோ நம்பத்தக்க விடை தருவதில்லை. இத்தகைய நீருக்கு அமிலத்தையும் காரத்தையும் தாங்கும் வலுவும் குறைவு. சிறிதளவு சோப்பு நீரோ சுண்ணாம்போ கலந்தால்கூட பிஎச் சட்டென்று மாறிவிடும்.

கரைந்த ஆக்சிஜனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சமவெளிக்கான அட்டவணை இங்கே மிகவும் திசைதிருப்பும். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால், காற்றிலிருந்து அதே நீருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம்தான் கிடைக்கும். மீன் வாழும் நீரில் குறைந்தது 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஆக, சமவெளியில் 6 மில்லிகிராம் இழந்த பிறகு வரும் ஆபத்து, உதகையில் 3.6 மில்லிகிராம் இழந்தவுடனேயே வந்துவிடுகிறது. மலையின் குளிர்ந்த நீர் எவ்வளவு கழிவையும் தாங்கும் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆக்சிஜனை விடியலுக்குச் சற்று முன்பு ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். பிற்பகலில் 9 என்றும் விடியலில் 3 என்றும் காட்டும் நீரில் ஊட்டச்சத்து மிதமிஞ்சிச் சேர்ந்திருக்கிறது என்றே கொள்ளலாம். பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் அதே பிற்பகலில் பிஎச்சும் ஏறும். பிஎச் 9ஐ நெருங்கும்போது, கழிவுநீரிலிருந்து வந்த அம்மோனியத்தின் ஒரு பகுதி, மீன்களுக்கு நஞ்சான தனி அம்மோனியாவாக மாறுகிறது. மீன்கள் பகலில் நஞ்சாலும் இரவில் மூச்சுத்திணறலாலும் வதைபடுவது இவ்வாறுதான்.

கருவி ஏதும் இல்லாதவர் கற்களைப் புரட்டிப் பார்க்கலாம். மேல் இடத்தில், கல்லின் அடியில் வாலிழைகள் நீண்ட, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் அசையும் பூச்சிக் குஞ்சுகளும், மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும் புழுக்களும் கிடைத்தால் ஆக்சிஜன் நிறைவாக உள்ளது என்று பொருள். கீழ் இடத்தில் அவை மறைந்து, சேற்றில் சிவந்த இரத்தப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், அங்கே ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. அப்புழுக்களின் சிவப்பு, நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபினால் வருவது, அதைக் கொண்டே அவை குறைந்த ஆக்சிஜனிலும் பிழைக்கின்றன. மீட்டர் அந்த நிமிடத்தின் நிலையை மட்டும் காட்டும். இவ்வுயிர்கள் கடந்த சில வாரங்களின் நிலையைக் காட்டும் என்பதால், எனக்கு இச்சோதனையின் மீதே கூடுதல் நம்பிக்கை.

மலக்கிருமிகளை அறிய, 1982இல் இந்தியாவில் உருவாக்கப்பட்ட ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை எளியது. அச்சோதனைக்கான குப்பியில் நீரை ஊற்றி வைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் கிருமி வளர வெதுவெதுப்பு வேண்டும். உதகையின் குளிர்ந்த அறையில் வைத்த குப்பி, அசுத்த நீரிலும் கறுக்காமல் இருந்துவிடலாம். அதனால் 30 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

அம்மோனியா, நைட்ரேட், குளோரைடு, பாஸ்பேட் ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். அம்மோனியா மிகுந்திருந்தால் கழிவு அருகிலேயே, அண்மையில் கலந்தது. அது குறைந்து நைட்ரேட் கூடியிருந்தால், கழிவு தொலைவிலிருந்து வந்திருக்கலாம், அல்லது உரம் கசிந்திருக்கலாம். அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு கிராம் நைட்ரஜனும் நைட்ரேட்டாக மாறும்போது ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜனை விழுங்குகிறது என்பதையும் நினைவில் கொள்க. குளோரைடு சிதையாதது, செப்டிக் டேங்க் கசிவை நெடுந்தூரம் காட்டிக்கொடுக்கும். பொட்டாஷ் உரத்திலும் அது இருப்பதால் தோட்டம் சூழ்ந்த இடத்தில் குளோரைடை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பாஸ்பரஸே ஏரிகளின் பெரும் துயரம். 1 கிராம் பாஸ்பரஸ் ஏறத்தாழ 100 கிராம் பாசியை வளர்க்கப் போதுமானது. அந்தப் பாசி மடிந்து அழுகும்போது 140 கிராம் ஆக்சிஜன் வரை செலவாகும். 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் உருவான உதகை ஏரிக்குள், கோடப்பமந்து கால்வாய் நெடுங்காலமாக நகரின் கழிவுநீரைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் வந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து படியும். அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போது அப்பிணைப்பு அறுந்து மீண்டும் மேலே வரும். ஆகவே கால்வாயை மட்டும் தூய்மைப்படுத்திவிட்டு, ஏரி உடனே தெளிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இம்முறையால் கண்டறிய முடியாதவையும் உண்டு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பாம்பார் சோலைப் பகுதியில் பரவிய பாதரசத்தை எந்தப் பேனா மீட்டரும் காட்டாது. குடிநீரில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். ஆக்சிஜனற்ற சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்க, அது சிற்றுயிரிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து உண்பவருக்கும் செறிந்துகொண்டே போகும். தொழிற்சாலையோ பழைய குப்பைமேடோ மேலே இருந்தால், அதற்கென்று உள்ள ஆய்வகத்தில் நீரோடு சேற்றையும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரு இடங்களின் எண்களையும் நாள், நேரம், மழை நிலவரத்தோடு ஒரே நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வாருங்கள். கழிவு கலக்கும் இடத்தின் புகைப்படத்தோடு அந்த நோட்டின் நகலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில் வைத்துத் தீர்மானமும் கேட்கலாம். கசிந்த செப்டிக் டேங்க் சீரமைக்கப்பட்டால் ஓடையின் அம்மோனியா சில வாரங்களிலேயே குறையும், கற்களுக்கு அடியில் பூச்சிக் குஞ்சுகள் திரும்புவதற்கு அதைவிட நெடுநாள் ஆகும். எனவே அடுத்த சீசனிலும் அதே இரு இடங்களில், அதே நேரத்தில், அதே கருவியைக் கொண்டு அளந்து, முந்தைய பக்கத்துக்கு எதிரே எழுதுங்கள்.